இரவு வான ஒளிப்படக்கலை

இரவு வான ஒளிப்படக்கலை என்பது விண்மீன்கள், பால் வழி, கோள்கள், எரிகற்கள், வால்வெள்ளிகள் முதலியவற்றை இரவில் ஒளிப்படக் கருவி கொண்டு பதிவு செய்யும் கலையும் நுட்பமும் ஆகும். இது வானியல் ஒளிப்படவியலின் ஒரு பிரிவு. தொலைநோக்கி வழியாக வானத்தின் மிகச் சிறிய பகுதியை உருப்பெருக்கிப் படமெடுப்பது ஒரு வகை. சாதாரண ஒளிப்படக் கருவியையும் அகன்ற ஒளித்துளை கொண்ட வில்லையையும் முக்காலியில் பொருத்தி, வானத்தின் பரந்த பகுதியைப் படமெடுப்பது மற்றொரு வகை. இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றியது.

இவ்வகைப் படமெடுத்தலின் அடிப்படைச் சிக்கல் ஒளிப் பற்றாக்குறையாகும். விண்மீன்களின் ஒளி மிக மங்கலானது. புவி சுழல்வதால் ஒரே இடத்தை நோக்கி நெடுநேரம் ஒளியைச் சேர்க்கவும் இயலாது. ஆகவே கிடைக்கும் சில நொடிகளுக்குள் இயன்ற அளவு ஒளியைத் திரட்டுவதே இக்கலையின் நுட்பங்கள் அனைத்திற்கும் நோக்கமாகும்.

வரலாறு

கண்ணாடித் தகட்டுக் காலம்

ஒளிப்படம் கண்டுபிடிக்கப்பட்ட உடனேயே அதனை வானத்தை நோக்கித் திருப்பும் முயற்சிகள் தொடங்கின. 1840 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படமெடுத்தார். 1850 சூலையில் ஆர்வர்டு கல்லூரி வானாய்வகத்தில் வில்லியம் கிராஞ்ச் பாண்டு, ஜான் ஆடம்ஸ் விப்பிள் ஆகியோர் வேகா விண்மீனைப் பதிவு செய்தனர். சூரியனைத் தவிர வேறொரு விண்மீன் ஒளிப்படமாகப் பதிவானது அதுவே முதல்முறை. 1880 செப்டம்பர் 30 அன்று, ஜான் வில்லியம் டிரேப்பரின் மகன் என்றி டிரேப்பர், ஓரியன் நெபுலாவை ஏறத்தாழ 51 நிமிடம் ஒளிபடச் செய்து படமெடுத்தார். 1883 இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஐன்சிலி காமன் எடுத்த அதே நெபுலாவின் படத்தில், தொலைநோக்கி வழியே கண்ணால் காண முடியாத விண்மீன்களும் தெரிந்தன. கண் காணாததை ஒளிப்படத் தகடு காணும் என்பது இதனால் உறுதியாயிற்று.

சாதாரண ஒளிப்பட வில்லைகளின் பங்கும் இவ்வரலாற்றில் பெரிது. 1840 ஆம் ஆண்டு ஜோசப் பெட்சுவால் வடிவமைத்த உருவப்பட வில்லை சுமார் எஃப்/3.6 அளவுடையது. அக்காலத்தின் பிற வில்லைகளை விட அது பன்மடங்கு ஒளியைத் தகட்டில் சேர்த்தது. மனிதரின் உருவப்படம் எடுப்பதற்காக உருவான இவ்வகை வில்லைகளே பின்னர் வானியலாளருக்கும் பயன்பட்டன.

1882 இல் தோன்றிய பெரும் வால்வெள்ளியைத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வானாய்வகத்தில் இருந்த டேவிட் கில், உள்ளூர் ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் கருவியைத் தொலைநோக்கியின் மேல் பொருத்திப் படமெடுத்தார். வால்வெள்ளியைச் சுற்றிலும் எண்ணற்ற விண்மீன்கள் பதிவாகியிருந்ததைக் கண்ட அவர், ஒளிப்படத்தைக் கொண்டே விண்மீன் அட்டவணை தயாரிக்கலாம் என உணர்ந்தார். வான் முழுவதையும் படமெடுக்க 1887 இல் பாரிசில் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் திட்டத்திற்கு இதுவும் ஒரு தூண்டுதலாக அமைந்தது. ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகம் பின்னாளில் இத்திட்டத்தில் பங்கேற்றது.

இளமையில் ஒளிப்பட நிலையம் ஒன்றில் வேலை செய்தவரான எட்வர்டு எமர்சன் பர்னார்டு, கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் 1889 முதல் பால் வழியைப் படமெடுத்தார். அவர் பயன்படுத்திய வில்லார்டு வில்லை, உருவப்படம் எடுக்கப் பயன்பட்ட பழைய வில்லையாகும். அதன் விட்டம் சுமார் 6 அங்குலம். குவியத் தொலைவு சுமார் 31 அங்குலம். அவ்வானாய்வகத்தின் 36 அங்குலத் தொலைநோக்கியால் ஒரே பார்வையில் காட்ட இயலாத பால் வழியின் முகில்களையும் இருண்ட பகுதிகளையும் இச்சிறு வில்லை காட்டியது. 1892 இல் பர்னார்டு ஒளிப்படத்தின் மூலம் ஒரு வால்வெள்ளியைக் கண்டறிந்தார். ஒளிப்படத்தால் கண்டறியப்பட்ட முதல் வால்வெள்ளி அதுவேயாகும். அவருடைய பால் வழி ஒளிப்படத் தொகுப்பு அவர் மறைந்த பின் 1927 இல் வெளியானது.

படச்சுருளும் எண்முறைக் கருவிகளும்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இக்கலை படச்சுருளைச் சார்ந்திருந்தது. நெடுநேரம் ஒளிபடும்போது படச்சுருளின் உணர்திறன் படிப்படியாகக் குறையும். இரண்டு மடங்கு நேரம் ஒளிபடச் செய்தாலும் இரண்டு மடங்கு பதிவு கிடைக்காது. படம் கழுவப்படும் வரை குவியம் சரியாக இருந்ததா என்பதும் தெரியாது.

மின்னூட்டப் பிணைப்புக் கருவியை 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் சுமித் ஆகியோர் உருவாக்கினர். இதற்காக 2009 இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2003 இல் வெளியான கேனான் 300டி, 1000 டாலருக்கும் குறைந்த விலையில் விற்கப்பட்டு, வில்லை மாற்றக்கூடிய எண்முறைக் கருவியைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டு வந்தது. 2005 இல் அதே நிறுவனம் வானியலுக்கென 20டிஏ என்ற கருவியை வெளியிட்டது. 2019 இல் கூகுளின் பிக்சல் 4 கைபேசி, ஒவ்வொன்றும் 16 நொடி வரை நீளும் 15 படங்களை ஒன்று சேர்த்து விண்மீன்களைக் காட்டும் வசதியுடன் வந்தது.

சுழலும் புவியும் ஒளிபடு நேரமும்

புவி தன் அச்சில் ஒரு முறை சுழல விண்மீன்களைப் பொறுத்து 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. இதனால் வான நடுவரைக்கு அருகில் உள்ள விண்மீன்கள் நொடிக்கு சுமார் 15 வில்நொடி நகர்வதாகத் தோன்றும். வான முனைகளை நெருங்க நெருங்க இந்நகர்வு குறையும். முக்காலியில் அசையாது நிற்கும் கருவியில், ஒளிபடு நேரம் மிகுந்தால் விண்மீன்கள் புள்ளிகளாக இன்றிக் கோடுகளாகப் பதிவாகும்.

இதனைத் தவிர்க்கப் பயன்படும் எளிய கணக்கு "500 விதி" எனப்படும். 500 ஐ வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே நொடிகளில் அதிகபட்ச ஒளிபடு நேரமாகும். 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச்சட்ட உணரியில் 24 மி.மீ. வில்லைக்கு இது சுமார் 21 நொடி. உணரி சிறியதாயின் குவியத் தொலைவை அதன் வெட்டுக் காரணியால் பெருக்கிய பின்னரே வகுக்க வேண்டும். 1.5 காரணி கொண்ட கருவியில் அதே வில்லைக்குச் சுமார் 14 நொடியே கிடைக்கும்.

500 விதி படச்சுருள் காலத்திற்குப் போதுமானதாக இருந்தது. இன்றைய நுண்ணிய உணரிகளுக்கு அது தளர்வானது. எடுத்துக்காட்டாக, 24 மி.மீ. வில்லையில் 20 நொடியில் வான நடுவரை விண்மீன் ஒன்றின் பிம்பம் உணரியின் மீது சுமார் 0.035 மி.மீ. நகரும். ஒரு படப்புள்ளியின் அகலம் 6 மைக்ரோமீட்டர் எனில் இது ஏறத்தாழ 6 படப்புள்ளிகளாகும். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் இது தெரியாது. பெரிதாக அச்சிட்டால் தெரியும்.

இதற்கு மாற்றாகப் பிரான்சின் பிரெடெரிக் மிசோ உருவாக்கிய "என்பிஎஃப் விதி" வழங்குகிறது. அதன் எளிய வடிவில், எஃப்-எண்ணை 35 ஆலும், படப்புள்ளியின் மைக்ரோமீட்டர் அகலத்தை 30 ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். 24 மி.மீ. எஃப்/1.4 வில்லைக்கும் 6 மைக்ரோமீட்டர் படப்புள்ளிக்கும் இது சுமார் 9.5 நொடியாகும். 500 விதி தரும் நேரத்தில் இது பாதிக்கும் குறைவு.

விண்மீன்கள் கோடுகளாக வருவதையே விரும்புவோரும் உளர். இத்தகைய படங்கள் விண்மீன் தடங்கள் எனப்படும். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு விண்மீனும் 15 பாகை வில்லை வரையும். ஒரே நீண்ட படமாக எடுப்பதை விட, இடைவெளியின்றி 30 நொடிப் படங்களாக எடுத்துக் கணினியில் இணைப்பதே இன்று வழக்கம்.

வில்லையின் பங்கு

எஃப்-எண்ணும் ஒளித்துளையும்

குவியத் தொலைவை ஒளித்துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப்-எண். இவ்வெண் சிறிதாக இருப்பின் குறைந்த நேரத்தில் போதிய ஒளி கிடைப்பதால், எஃப்/2.8 அல்லது அதனினும் சிறிய எண் கொண்டவை வேக வில்லைகள் என அழைக்கப்படுகின்றன. எஃப்/2.8 இலிருந்து எஃப்/1.4 க்கு மாறினால் ஒளித்துளையின் விட்டம் இரு மடங்காகும். ஆகவே பரப்பும் ஒளியும் நான்கு மடங்காகும்.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. பால் வழி, நெபுலா போன்ற பரந்த பொருள்கள் உணரியில் எவ்வளவு பொலிவுடன் விழும் என்பதை எஃப்-எண் முடிவு செய்கிறது. விண்மீன்கள் புள்ளி ஒளிமூலங்கள் ஆதலால், அவற்றிலிருந்து பெறப்படும் ஒளியை ஒளித்துளையின் உண்மையான பரப்பே முடிவு செய்கிறது. இருளுக்குப் பழகிய இளம் வயதினரின் கண்மணித் துளை சுமார் 7 மி.மீ. விட்டமுடையது என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

முழுச்சட்ட உணரியில் 500 விதிப்படி அதிகபட்ச நேரம் படமெடுக்கும்போது, சில வில்லைகள் திரட்டும் ஒளியின் ஒப்பீடு கீழே தரப்பட்டுள்ளது. 14 மி.மீ. எஃப்/2.8 வில்லையின் அளவு 1 எனக் கொள்ளப்பட்டுள்ளது.

- 14 மி.மீ. எஃப்/2.8: ஒளித்துளை 5.0 மி.மீ.; நேரம் 36 நொடி; பால் வழியின் ஒளி 1; விண்மீன் ஒளி 1.
- 24 மி.மீ. எஃப்/2.8: ஒளித்துளை 8.6 மி.மீ.; நேரம் 21 நொடி; பால் வழியின் ஒளி 0.6, விண்மீன் ஒளி 1.7.
- 24 மி.மீ. எஃப்/1.4: ஒளித்துளை 17.1 மி.மீ.; நேரம் 21 நொடி; பால் வழியின் ஒளி 2.3; விண்மீன் ஒளி 6.9.
- 35 மி.மீ. எஃப்/1.4: ஒளித்துளை 25.0 மி.மீ.; நேரம் 14 நொடி; பால் வழியின் ஒளி 1.6, விண்மீன் ஒளி 10.
- 50 மி.மீ. எஃப்/1.8: ஒளித்துளை 27.8 மி.மீ.; நேரம் 10 நொடி; பால் வழியின் ஒளி 0.7, விண்மீன் ஒளி 8.6.

பால் வழியை நிலக்காட்சியுடன் சேர்த்து எடுக்க 24 மி.மீ. எஃப்/1.4 போன்ற வில்லை ஏன் விரும்பப்படுகிறது என்பதை இவ்வொப்பீடு காட்டும். விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 வில்லை 10 நொடியில், அகல்கோண வில்லை 36 நொடியில் பெறுவதை விட எட்டு மடங்குக்கும் அதிகமான விண்மீன் ஒளியைத் திரட்டுகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. அதன் பார்வைப் பரப்பு சிறியது என்பதே அதன் குறை. விண்மீன் குழுக்களைப் படமெடுக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு அது போதுமானதாகும்.

வில்லையின் குறைபாடுகள்

விண்மீன் போன்ற புள்ளி ஒளிமூலம் வில்லைக்குக் கடுமையான தேர்வாகும். பகற்படங்களில் தெரியாத குறைகள் இரவு வானில் வெளிப்படும். படத்தின் மூலைகளில் உள்ள விண்மீன்கள் சிறகு விரித்த பறவை போலவோ வால் நீண்ட வால்வெள்ளி போலவோ தோன்றுவது கோமா எனப்படும். மையத்தை விட ஓரங்கள் இருண்டு தோன்றுவது ஓர இருளல் எனப்படும். பொலிவுமிக்க விண்மீன்களைச் சுற்றி ஊதா நிற வளையம் தோன்றுவது நிறப்பிறழ்ச்சியால் ஆகும்.

ஒளித்துளையைச் சற்றுக் குறைத்தால் இக்குறைகள் பெரிதும் குறையும். எஃப்/1.4 வில்லையை எஃப்/2 அல்லது எஃப்/2.8 இல் பயன்படுத்துவது இதனாலேயே வழக்கமாயிற்று. கோமாவைக் குறைப்பதற்கென்றே கோளவடிவில் அமையாத பரப்புடைய கண்ணாடியுடன் நிக்கான் நிறுவனம் 1977 இல் 58 மி.மீ. எஃப்/1.2 "நாக்ட்" வில்லையை வெளியிட்டது. 2019 இல் அதே பெயரில் எஃப்/0.95 வில்லையும் வெளிவந்தது.

தேவையான கருவிகள்

- ஒளிபடு நேரம், ஒளித்துளை, ஐஎஸ்ஓ ஆகியவற்றைக் கையால் அமைக்கக்கூடிய ஒளிப்படக் கருவி
- எஃப்/2.8 அல்லது அதனினும் வேகமான வில்லை
- காற்றில் அசையாத உறுதியான முக்காலி
- தொலைவிலிருந்து இயக்கும் பொத்தான் (கருவியில் உள்ள 2 நொடித் தாமத வசதியும் போதும்)
- கூடுதல் மின்கலம்
- சிவப்பு ஒளி தரும் கைவிளக்கு

இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை ஒளியால் இப்பழக்கம் நொடியில் கெடும். மங்கிய சிவப்பு ஒளியால் அவ்வளவாகக் கெடாது.

உணரியின் முன் உள்ள அகச்சிவப்பு வடிகட்டி, ஐதரசன் நெபுலாக்கள் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் பெரும்பகுதியையும் தடுத்துவிடும். வானியலுக்கென வெளியான கருவிகளில் இவ்வடிகட்டி மாற்றப்பட்டிருக்கும். நிக்கான் டி810ஏ (2015), கேனான் இஓஎஸ் ஆர்ஏ (2019) ஆகியவை இத்தகையவை. பால் வழியைப் படமெடுக்க மாற்றம் செய்யப்படாத கருவியே போதுமானது.

படமெடுக்கும் முறை

1. நிலவற்ற இரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமாவாசைக்கு முன்னும் பின்னுமான சில நாட்கள் ஏற்றவை. சூரியன் அடிவானத்திற்கு 18 பாகை கீழே சென்ற பின்னரே வானம் முழுமையாக இருளும்.
2. கருவியை முக்காலியில் பொருத்தி, வில்லையின் அதிர்வு தணிக்கும் வசதியையும் தானியங்கிக் குவியத்தையும் நிறுத்த வேண்டும்.
3. கோப்பு வகையை "ரா" என அமைக்க வேண்டும். ஜேபெக் கோப்பு நிழற்பகுதியின் நுண் விவரங்களை இழந்துவிடும்.
4. பொலிவுமிக்க விண்மீன் ஒன்றைப் பின்திரையில் 10 மடங்கு பெருக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை குவிய வளையத்தைத் திருப்ப வேண்டும். வில்லையில் பொறிக்கப்பட்டுள்ள முடிவிலிக் குறியை நம்பலாகாது. வெப்பநிலைக்கேற்ப உண்மையான குவியம் மாறும்.
5. ஒளித்துளையை எஃப்/2 முதல் எஃப்/2.8 வரையிலும், ஐஎஸ்ஓவை 1600 முதல் 6400 வரையிலும், நேரத்தை மேற்கூறிய விதிப்படியும் அமைக்க வேண்டும்.
6. ஒரு படம் எடுத்து, அதன் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இருளில் பின்திரை மிகப் பொலிவாகத் தோன்றுவதால் கண்ணால் மட்டும் மதிப்பிடுவது தவறான முடிவைத் தரும்.
7. சரியான அமைப்பு கிடைத்ததும் அசைக்காமல் 10 முதல் 30 படங்கள் வரை தொடர்ந்து எடுக்க வேண்டும்.

ஈரப்பதம் மிக்க இரவுகளில் வில்லையின் முகப்பில் பனி படியும். அவ்வப்போது வில்லையைச் சோதிப்பது நன்று. காட்டுப் பகுதியாயின் வனத்துறையின் முன் அனுமதி தேவை. தனியே செல்லாமையும், இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்தலும் பாதுகாப்பானவை.

இரைச்சலும் படங்களை அடுக்குதலும்

மங்கிய ஒளியில் எடுக்கப்படும் படங்களில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். இது இரைச்சல் எனப்படும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. ஒளித்துகள்கள் மழைத்துளி போல ஒழுங்கின்றி வந்து விழுவது முதலாவது. உணரியிலிருந்து மின்குறிப்பைப் படிக்கும்போது ஏற்படும் பிழை இரண்டாவது. உணரியின் வெப்பத்தால் தோன்றும் மின்னணுக்கள் மூன்றாவது. உணரியின் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு உயரும்போது இவை இரு மடங்காகும்.

ஐஎஸ்ஓவை உயர்த்துவதால் கூடுதல் ஒளி கிடைப்பதில்லை. பெறப்பட்ட குறிப்பு மட்டுமே பெருக்கப்படுகிறது. உண்மையான தீர்வு மேலும் ஒளியைச் சேர்ப்பதே. பல படங்களை விண்மீன்களின் நிலைகொண்டு ஒன்றன் மேல் ஒன்று பொருத்திச் சராசரி காண்பது அடுக்குதல் எனப்படும். இதனால் குறிப்புக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப உயரும். 4 படங்களால் 2 மடங்கும், 16 படங்களால் 4 மடங்கும் தெளிவு கிடைக்கும். 100 படங்களால் கிடைப்பது 10 மடங்கே.

வில்லையை மூடி, அதே நேரம், அதே ஐஎஸ்ஓவில் எடுக்கப்படும் இருட்படங்களைக் கழித்தால் வெப்பப் புள்ளிகள் பெரிதும் நீங்கும். சீரான ஒளியில் எடுக்கப்படும் சமன்படங்களால் வகுத்தால் ஓர இருளல் நீங்கும். டீப் ஸ்கை ஸ்டாக்கர், சிரில், சீக்வேட்டர் ஆகியன இதற்குப் பயன்படும் இலவச மென்பொருள்கள் ஆகும்.

விண்மீன்களைத் தொடரும் தாங்கிகள்

புவியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் கருவியை அதே வேகத்தில் திருப்பினால் பல நிமிடங்கள் வரை ஒளியைச் சேர்க்க இயலும். இதற்கான மின்பொறித் தாங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டு பலகைகளைக் கீலால் இணைத்து, ஒரு திருகைச் சுழற்றிப் பிரிக்கும் எளிய அமைப்பு "கொட்டில் கதவுத் தாங்கி" எனப்படும். இதனை வீட்டிலேயே செய்யலாம்.

அதன் கணக்கு எளியது. கீலின் அச்சு வான முனையை நோக்க வேண்டும். திருகை நிமிடத்திற்கு ஒரு முறை சுழற்றினால், பலகை அந்நிமிடத்தில் 0.25 பாகையினும் சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். 1 மி.மீ. புரியிடை கொண்ட 6 மி.மீ. திருகுக்கு, கீலிலிருந்து திருகு வரையிலான தூரம் 228.6 மி.மீ. ஆக இருக்க வேண்டும். அங்குலத்திற்கு 20 புரிகள் கொண்ட திருகுக்கு இது 290.3 மி.மீ. ஆகும். நேரான திருகு கொண்ட இவ்வமைப்பில் நேரம் செல்லச் செல்லப் பிழை கூடும். எனினும் அகல்கோண வில்லையில் சில நிமிடப் படங்களுக்கு இது போதும்.

தாங்கி வானைத் தொடரும்போது நிலம் நகர்வதாகப் பதிவாகும். எனவே நிலக்காட்சியைத் தாங்கியை நிறுத்தித் தனியே எடுத்துப் பின்னர் இணைக்க வேண்டும்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தெரியும் வானம்

துருவ விண்மீனின் உயரம் பார்ப்பவர் இருக்கும் இடத்தின் அகலாங்கிற்கு ஏறத்தாழச் சமமாகும். சென்னையில் இது 13 பாகை. கன்னியாகுமரியில் 8 பாகை. யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. அடிவானத்தின் மூட்டமும் மரங்களும் அதனை எளிதில் மறைத்துவிடுவதால், தாங்கிகளை வட வான முனைக்குச் சரிசெய்வது இப்பகுதிகளில் கடினம்.

இதற்கு ஈடான நன்மையும் உண்டு. பால் வழியின் மையம் வான நடுவரைக்கு 29 பாகை தெற்கே உள்ளது. சென்னையில் அது தெற்கே சுமார் 48 பாகை உயரம் வரை ஏறும். இலண்டனில் 10 பாகையைக் கூட எட்டாது. அகத்தியர் எனப்படும் கனோப்பசு, தெற்குச் சிலுவை, ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து ஆகியவையும் இங்கிருந்து நன்கு தெரியும்.

பால் வழியின் மையப்பகுதி கேட்டை, மூலம் விண்மீன்களை அடுத்து அமைந்துள்ளது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விடியலுக்கு முன்னும், மே, சூன் மாதங்களில் நள்ளிரவை ஒட்டியும், செப்டம்பரில் மாலை இருண்டவுடனும் இது தெற்கில் காணப்படும். தமிழகத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேகமும், அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் இடையூறாகும். ஆகவே பிப்ரவரி முதல் மே வரையிலான பின்னிரவுகளே பொதுவாக ஏற்றவை. சனவரி, பிப்ரவரி மாத முன்னிரவுகளில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, ஓரியன் நெபுலா ஆகியவற்றைப் படமெடுக்கலாம்.

அறிவியல் பயன்கள்

ஒளிப்பட வில்லைகள் இன்றும் ஆய்வுக் கருவிகளாகப் பயன்படுகின்றன. 2007 மார்ச்சில் ஆத்திரேலியாவின் டெர்ரி லவ்ஜாய், கடையில் கிடைக்கும் கேனான் 350டி கருவியையும் 200 மி.மீ. எஃப்/2.8 வில்லையையும் கொண்டு சி/2007 ஈ2 என்ற வால்வெள்ளியைக் கண்டறிந்தார். 2021 மார்ச்சில் சப்பானின் யூஜி நக்கமுரா, 135 மி.மீ. வில்லை பொருத்திய கருவியால் காசியோபியா விண்மீன் குழுவில் ஒரு நோவாவைக் கண்டறிந்தார்.

"வாஸ்ப்" எனும் திட்டம் 200 மி.மீ. எஃப்/1.8 ஒளிப்பட வில்லைகளின் தொகுதிகளைக் கொண்டு, பிற விண்மீன்களைச் சுற்றும் 150 க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிந்துள்ளது. 400 மி.மீ. எஃப்/2.8 வில்லைகளை அடுக்கி அமைக்கப்பட்ட "டிராகன்ஃபிளை" தொலைநோக்கி, 2015 இல் கோமா விண்மீன் பேரடைக் கொத்தில் மிக மங்கலான 47 பேரடைகளை வெளிப்படுத்தியது. கண்ணாடிப் பரப்புகளில் ஒளி சிதறுவதைக் குறைக்கும் நவீனப் பூச்சே இவ்வில்லைகளைத் தேர்ந்தெடுக்கக் காரணமாகும்.

படங்களின் நம்பகத்தன்மை

இரவு வானப் படங்களில் தெரியும் வண்ணங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மங்கிய ஒளியில் கண்ணின் கோல் உயிரணுக்களே செயற்படுகின்றன; அவை நிறத்தை உணர்வதில்லை. எனவே பால் வழி வெண்சாம்பல் நிறப் பட்டையாகவே தெரியும். உணரி பதிவு செய்யும் நிறம் பொய்யன்று. அது கண் காணாத மெய்யாகும்.

ஆனால் வேறு இடத்தில், வேறு குவியத் தொலைவில் எடுத்த பால் வழியை ஒரு கோயில் கோபுரத்தின் மேல் ஒட்டுவது இதனின்று வேறுபட்டது. அப்படத்தைப் பார்ப்பவர், அவ்விடத்தில் அவ்வாறு வானம் தெரியும் எனத் தவறாக நம்புவார். படங்களை இணைத்திருந்தால் அதனையும், ஒளிபடு விவரங்களையும் படக்குறிப்பில் தெரிவிப்பது நல்ல மரபாகக் கருதப்படுகிறது.

ஒளி மாசு

நகர விளக்குகளின் ஒளி காற்றில் சிதறி வானத்தை ஒளிரச் செய்வது ஒளி மாசு எனப்படும். ஒளிப்படத்தின் தரத்தை முடிவு செய்வதில் கருவியை விட இதன் பங்கே பெரிது. வானத்தின் பொலிவு, சதுர வில்நொடிக்கு இத்தனை பருமன் என அளக்கப்படுகிறது. செயற்கை ஒளியற்ற இடத்தில் இது ஏறத்தாழ 22. பெருநகரின் நடுவில் 18 அல்லது அதற்கும் குறைவு. பருமன் குறையக் குறையப் பொலிவு கூடும். 4 பருமன் வேறுபாடு என்பது ஏறத்தாழ 40 மடங்கு பொலிவைக் குறிக்கும்.

எஃப்/2.8 வில்லைக்குப் பதிலாக எஃப்/1.4 வில்லையைப் பயன்படுத்தினால் ஒளி 4 மடங்காகி, தெளிவு 2 மடங்காகும். அதே பழைய வில்லையுடன் நகரின் நடுவிலிருந்து இருண்ட இடத்திற்குச் சென்றால், பின்னணி ஒளி 40 இல் ஒரு பங்காகி, தெளிவு 6 மடங்குக்கும் மேல் உயரும். நகரில் வேக வில்லை விண்மீன் ஒளியுடன் விளக்குகளின் ஒளியையும் சேர்த்தே திரட்டுவதால், சில நொடிகளிலேயே படம் வெளுத்துவிடும். இருளுக்கு ஈடான வில்லை எதுவும் இல்லை எனலாம்.

வானின் இருளை 9 படிகளாக வகுக்கும் அளவுகோலை அமெரிக்காவின் ஜான் போர்ட்டில் 2001 இல் வெளியிட்டார். 2016 இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் தம் வாழிடத்திலிருந்து பால் வழியைக் காண இயலாது. பொதுமக்களின் நோக்கீடுகளைக் கொண்டு 2023 இல் வெளியான ஆய்வு, 2011 முதல் 2022 வரை வானின் பொலிவு ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியதாகக் கணித்தது. இவ்வேகத்தில், 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தை 18 வயதை அடையும்போது 100 விண்மீன்களையே காணும். 2019 மே மாதம் முதல் ஏவப்பட்டு வரும் ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் தொகுதிகளின் தடங்களும் படங்களில் கோடுகளாகப் பதிவாகின்றன. பல படங்களை அடுக்கும்போது இக்கோடுகளை நீக்க இயலும்.

ஒளி மாசு பிற மாசுகளைப் போன்றதன்று. விளக்கை அணைத்த அக்கணமே அது நீங்கிவிடும். விளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் செல்லாதவாறு மூடியிடுதல், தேவையான இடத்தில் தேவையான நேரத்தில் மட்டும் எரியவிடுதல், நீல ஒளி மிகுந்த வெள்ளை விளக்குகளுக்குப் பதிலாக மஞ்சள் சார்ந்த விளக்குகளைப் பயன்படுத்துதல் ஆகியன இதற்கான எளிய வழிகள். இந்தியாவில் லடாக்கின் ஆன்லே வானாய்வகத்தைச் சுற்றியுள்ள 1,000 சதுர கி.மீ.க்கும் அதிகமான பகுதி 2022 திசம்பரில் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு சிற்றூர் மக்களே விளக்குகளை மட்டுப்படுத்தி, வருவோருக்குத் தொலைநோக்கி மூலம் வானைக் காட்டுகின்றனர். மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 சனவரியில் இருள் வானப் பூங்காவாக ஏற்பளிக்கப்பட்டது. தமிழகத்தில் சவ்வாது மலையின் காவலூரில் அமைந்துள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் சுற்றுப்புறத்தின் இருளே அடிப்படைத் தேவையாகும்.

ஒரே இடத்திலிருந்து, ஒரே வில்லையால், ஒரே அமைப்பில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் படங்கள் அவ்விடத்தின் வானம் எவ்வளவு வெளுத்து வருகிறது என்பதற்கான அளவீடுகளாகவும் அமையும். மாணவர்களும் ஆர்வலர்களும் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடிய அறிவியற் பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.